முன் சீட்டின் நாலாவது ஆள்

போடிமெட்டு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். இடுப்பில் சுரீரென்று ஒரு பிடி. மூச்சுவிட முடியவில்லை. எப்படியோ ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஜீப்பை ஓரங்கட்டினேன். வண்டி நிறைய எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள்.

"என்னப்பு, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் பக்கத்தில் இருந்த பேச்சியம்மா அக்கா. அவர்தான் அந்தக் கூட்டத்தில் மூத்தவர். எல்லோருமாகச் சேர்ந்து என்னை மூட்டை மாதிரி இறக்கி ரோட்டோரம் படுக்கவைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் சம்பளம் போனது. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை.

எனக்கு ஜீப் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வீட்டிலோ, "வண்டிய வித்துட்டு வேற சோலி பாருங்க" என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஜீப் ஸ்டாண்டில் ஆளாளுக்கு வைத்தியர். எலும்பு நழுவிவிட்டது, குப்புறப் படுத்து மிதிக்கச் சொல் என்றான் ஒரு புண்ணியவான். நல்லவேளை, மதுரையில் கைரோபிராக்டிக் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். முதுகெலும்பு மூட்டுகளைக் கையாலேயே அழுத்தித் தளர்த்துகிற வைத்தியம் அது. முறித்துவிடுவார்களோ என்று பயம்தான்.

அவர் எடுத்ததும் கை வைக்கவில்லை. "கால் மரத்துப்போகுதா? ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா?" என்று கேட்டார். இருந்திருந்தால் தொடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாராம். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"எலும்பு எங்கேயும் நழுவலை. மூட்டு இறுகிக்கிடக்கு, தசை விறைச்சு நிக்குது. தளர்த்திவிடுறேன், குறையலாம். ஆனா இது மந்திரம் இல்லை. பயிற்சியும் செய்யணும்."

சொடக்கென்று ஒரு சத்தம். வலி பாதி இறங்கியது. ஆனால் வண்டியை எடுத்த நாலாம் நாளே மறுபடி பிடித்துக்கொண்டது. திரும்பப் போனேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டியில எப்படி உட்காருவீங்க? இந்த நாற்காலியில காட்டுங்க" என்றார்.

காட்டினேன்.

"ஏன் பாதி உடம்பு வெளியே தொங்குது? நாற்காலி முழுசா இருக்கே?"

"அப்ப பேச்சியம்மா அக்கா எங்கிட்டு உட்காரும்?"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன் சீட்டில் மூன்று பேரை ஏற்றிவிட்டு, நாலாவது ஆளாக நான் ஒரு ஓரத்தில் தொற்றிக்கொண்டு காலமெல்லாம் மலை ஏறியிருக்கிறேன். சிரித்து முடித்தவர் கறாராகச் சொன்னார்: "முழு சீட்டுல உட்காருங்க. இல்லேன்னா வண்டியை வித்திருங்க."

சொல்வது சுலபம். இடமில்லாமல் ஒருத்தர் நின்றுவிட்டால் அவருக்கு அன்றைய வேலை போகும். யாரை இறங்கச் சொல்வேன்? மறுநாள் ஸ்டாண்டில் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இத இத்தன வருசம் வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்று திட்டிக்கொண்டே பேச்சியம்மா அக்கா தூக்குவாளியோடு இறங்கினார். அடுத்த நாளிலிருந்து, எனக்கு முந்திக் கிளம்புகிற வேறொரு வண்டிக்கு மாறிக்கொண்டார். அதற்காக அவர் இன்னும் வெரசாக எழுந்திருக்க வேண்டும். நாளெல்லாம் ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிற இடுப்பு அவருடையது. என் வலியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. அந்த அம்மா செய்ததற்கு நன்றி சொல்லி மாளாது.

பயிற்சியை விடாமல் செய்கிறேன். ஜீப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது வண்டி ஓட்டுகிற தம்பிகளே, முதுகை யாரிடமும் மிதிக்கக் கொடுக்காதீர்கள். கால் மரத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிரைவர் சீட்டு டிரைவருக்குத்தான். வாயைத் திறந்து கேளுங்கள், ஜனம் கொடுக்கும்.

போன மாதம் அக்காவை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அப்படியும் அவர் தோளைக் குறுக்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நல்லா உட்காருக்கா. வேற ஆளே இல்லையே."

"எனக்குப் பழகிப் போச்சப்பு" என்றார். "நீ நல்லா உட்காந்திருக்கியா?"