மேல சாஸ்தாவுக்கு வழி

நேற்று மத்தியானம் மயூர் விஹாரில் ஆந்தி வந்தது. தில்லியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். ஊரிலிருக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன்: கோடையில் வானம் திடீரென்று மஞ்சளாகிப் பழுத்து, எங்கிருந்தோ புழுதியை வாரிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகும். பத்து நிமிஷக் கூத்துதான். அடங்கியதும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கார் செங்கல் நிறத்தில் நின்றது. ஈரத்துணியைக் கண்ணாடியில் வைத்ததும் சூடான மண்ணில் தண்ணீர் பட்ட வாசனை எழுந்தது. உடனே துணியை எடுத்துவிட்டேன். பயம்தான். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய பயம். இன்னும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சித்தப்பாவோடு தில்லிக்கு வந்து, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த செல்வராஜ் சாரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். நான் கூச்சக்காரன் என்பது சாருக்குத் தெரியும். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்க "ஹவா" என்று கேட்கவே இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வேன். வழி கேட்பதென்றால் கேட்கவே வேண்டாம். தில்லியில் வழி தெரியாவிட்டால் அரை மணி நேரம் சுற்றினாலும் சுற்றுவேனே தவிர ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டேன். அப்படிச் சுற்றிச் சுற்றியே எனக்குத் தில்லி முழுக்க அத்துப்படியானது.

சாருக்குப் பூர்வீகம் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். ஆனால் அவர் பிறந்தது, படித்தது எல்லாம் தில்லியில். தமிழ் பேசுவார், படிக்க வராது. அவருடைய அப்பா ஓய்வு பெற்றதும் கடைசிப் பெண் கனகத்தை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். கனகம் அங்கேயே வளர்ந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டார். அந்தக் கல்யாணத்துக்கு சார் போகவில்லை. ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று இவர் சொன்னார். லீவு கேட்கவில்லை என்று கனகம் சொன்னார். ஏழு வருஷம் கழித்துக் கனகத்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயதானதும் பங்குனி உத்திரத்தன்று குலசாமியான சாஸ்தா கோயிலில் வைத்து மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடு செய்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கனகம் அழைத்தபோது சார் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். முன் சீட்டில் இருந்த எனக்கும் கேட்டது.

"அண்ணே, கல்யாணத்துக்குத்தான் வரல. என் பிள்ள காதுகுத்துக்கும் நீ வராம, வேற ஆள் மடியில நான் பிள்ளைய வச்சேன்னா, அன்னையோட உனக்குத் தங்கச்சி கெடையாது. மேல சாஸ்தா கோயில்னு கேட்டு வா. பன்னெண்டுக்குள்ள நேரம்."

சார், மேடம், பத்து வயசு மகள் நிதி மூவரும் கிளம்பினார்கள். என்னையும் கூட்டிக்கொண்டார்கள். "அரே, உனக்குத் தமிழ் போர்டு படிக்க வரும்ல? நீதான் நமக்கு கைடு" என்றார் சார். எங்கள் நால்வரில் தமிழ் படித்த ஒரே ஆள் நான். ஐந்தாம் வகுப்புக்கு அவ்வளவு மரியாதை என் வாழ்க்கையில் முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. அந்தப் பக்கம் நான் காலே வைத்ததில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தூத்துக்குடியில் சாரின் நண்பர் தம் அம்பாசடர் காரைக் கொடுத்தார். உத்திரத்துக்கு இரண்டு நாள் இருந்தது. கடற்கரையை ஒட்டியே தெற்கே போனோம். எப்பேர்ப்பட்ட வெயில் அது! தில்லி வெயில் முகத்தில் அறையும். அந்த வெயில் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே வந்தது. உப்பளங்களில் வெள்ளையாகக் குவிந்திருந்த உப்பு கண்ணைக் கூசச் செய்தது. மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் நின்ற தேவாலயத்தையும் கீழே கவிழ்த்து வைத்திருந்த வள்ளங்களையும் பார்த்துவிட்டு நிதி குதித்தாள். "டிரைவர் அண்ணா, இவ்ளோ பானி, யமுனா மாதிரி நாத்தமே இல்ல!" காய்ந்துகொண்டிருந்த நெத்திலியின் வாசனை வந்ததும் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டாள். சார் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு அலையில் நின்றார். கோப்புகளுக்கு நடுவே பார்த்த மனிதர் இல்லை. நான் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருந்தபடி, உத்திரத்தன்று எந்தப் பாதையில் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் பலகை பலகையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

உத்திரத்தன்று காலையில் புறப்படும்போது நிதி இன்னும் ஒரே ஒரு தரம் கடல் பார்க்க வேண்டும் என்றாள். சாருக்கும் ஆசைதான். அதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. பத்து மணிக்கு மேல்தான் உள்நாட்டுப் பக்கம் திரும்பினோம்.

கடலை விட்டு இரண்டு மைல் உள்ளே வந்ததும் சத்தமே அடங்கிவிட்டது. இருபுறமும் பனை, முள்காடு, இரத்தச் சிவப்பில் மணல். தேரி என்பார்கள். ஊர்கள் வந்தன. ஆனால் ஆட்களைக் காணோம். வீட்டுக்கு வீடு பூட்டு. டீக்கடையில் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு நாய் கூட எழுந்து குரைக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. உத்திரத்தன்று அவரவர் குடும்பம் அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போய்விடுமாம். எல்லாரும் சாமியிடம் போன நாளில் நாங்கள் வழி கேட்க ஆள் தேடுகிறோம்.

மூன்றாவது ஊரில் தெருக்குழாயில் ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கினேன்.

"சாஸ்தா கோயிலுக்கு…"

"எந்த சாஸ்தா? மேல சாஸ்தாவா, கீழ சாஸ்தாவா?"

"மேல."

"ஊரு முடிஞ்சதும் பாதை ரெண்டாப் பிரியும். மேல போற பாதையில போங்க. கீழ போனா கீழ சாஸ்தா."

பேச்சு வேகமாக இருந்ததால் நான் விழித்தேன். மறுபடி சொன்னார். மறுபடி விழித்தேன். மூன்றாம் தரம் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வண்டிக்கு ஓடினேன்.

அவர் சொன்னபடியே ஊர் முடிந்ததும் பாதை பிரிந்தது. ஒன்று சிவந்த மேட்டின் மேல் ஏறியது. இன்னொன்று பள்ளத்தில் இறங்கி ஒரு குளத்தைப் பார்த்துப் போனது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எங்கள் பக்கம் மேற்கை 'மேற்கால' என்று இழுத்துச் சொல்வோம். வெறும் 'மேல' என்றால் மாடிதான். தில்லிக்கு வந்த பிறகு அது 'ஊபர்' ஆகிவிட்டது.

"ஊபர்தானே சொன்னாங்க?" என்றார் சார்.

"ஆமா சார், மேல."

மேடம் மட்டும், "எதுக்கும் திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்களேன்" என்றார். நூறடி தூரம்தான். அந்தப் பெண் இன்னும் குழாயடியில்தான் நின்றார். ஆனால் அந்தச் சிரிப்பின் முன்னால் நான்காம் தரம் போய் நிற்பதைவிட அந்த மணலில் புதைந்து போகலாம் என்று இருந்தது. நினைத்த நேரம் பாருங்கள். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் பின்சக்கரம் இரண்டும் மணலில் இறங்கிவிட்டன.

மணி பதினொன்று பத்து. சாரும் மேடமும் தள்ளினார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. ஃபோனில் சிக்னல் இல்லை. சாரின் பட்டு வேட்டி முழங்கால் வரை சிவந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை சக்கரத்தடியில் ஊற்றினேன், மண் இறுகட்டும் என்று. வாசனை வந்ததுதான் மிச்சம்.

பதினொன்றரைக்கு, சைக்கிளில் பதநீர் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார்.

"எங்க போறிய?"

"மேல சாஸ்தா கோயிலுக்கு."

"மேல சாஸ்தாவுக்கு எதுக்கு கெழக்க வாறிய?"

"மேலதானே ஏறி வந்தோம்" என்றேன்.

அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பனையில் சாத்திவிட்டுச் சிரித்தார். "ஏ தம்பி, மேலன்னா மேக்க! மேட்டுல ஏறதுக்கு சாஸ்தா என்ன மொட்ட மாடியிலயா இருக்காரு?"

"மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். சூரியன் உச்சந்தலையில். எங்கள் நிழல் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. அந்தக் கேள்விக்கு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பாவம் பார்த்தாற்போல, "கடலு அந்தா கெடக்கு. அதுக்கு முதுகக் காட்டிட்டு நில்லு. மூஞ்சி பாக்கது மேக்க" என்றார்.

காய்ந்த பனையோலைகளை இழுத்து வந்து சக்கரத்தடியில் செருகி, மூன்று பேர் தள்ளி, வண்டி வெளியே வந்தபோது பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம். கீழே இறங்கிய பாதைதான் மேல சாஸ்தாவுக்குப் போனது. நான் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. நிதி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே சாமிப் பாட்டு, பள்ளிக்கூடத்து இந்திப் பிரார்த்தனை.

குளத்தங்கரை ஆலமரத்தடியில் கோயில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. பந்தி விரித்திருந்தார்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. கனகம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மொட்டைத் தலையில் சந்தனம். அழுது ஓய்ந்த முகம்.

கனகத்தின் மூத்தார், அவர் கணவரின் அண்ணன், இலையிலிருந்தே குரல் கொடுத்தார். "டெல்லி மாமன் பிளேனு எறக்க எடம் தேடுனாராக்கும்!"

பந்தி சிரித்தது. சார் குழந்தையைப் பார்த்தார். இடது காதில் தங்கக் கம்பி மின்னியது. சுற்றிலும் மஞ்சளும் கொஞ்சம் இரத்தமும்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கனகம் குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பிக் காட்டினார். வலது காது வெறுமையாக இருந்தது.

"நேரம் போவுதுன்னு எல்லாரும் குதிச்சாவ. பெரிய அத்தான் மடியில வச்சு ஒரு காது குத்தியாச்சு. இன்னொண்ணு என் அண்ணனுக்குன்னு பிடிச்சு வச்சிருக்கேன். ஆசாரி ஒரு மணி நேரமா ஏசுதாரு. போயி மொதல்ல அவருகிட்ட வாங்கிக் கட்டிக்கோ."

காது குத்த வந்த ஆசாரி ஏசத்தான் செய்தார். அவருக்கு இன்னும் இரண்டு கோயில் பாக்கி. சார் சிவந்த வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு காதின் வலி தெரிந்த குழந்தை. ஆசாரியைக் கண்டதுமே உடம்பை வில்லாக வளைத்தது. சார் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குத்தியதும் எழுந்த அலறலில் பந்தியே ஒரு நிமிஷம் கையை நிறுத்தியது.

"ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்று கனகம் கேட்டபோது நான் கார்க் கதவருகில் நின்றேன். கதவில் படிந்திருந்த செம்மண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கடல்ல கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார் சார்.

"கடலு எங்கயும் ஓடிறாது. பிள்ளதான் வளந்துரும்" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனார் கனகம்.

திரும்பும் வழியில், "சார், நான்தான்…" என்று ஆரம்பித்தேன். "அச்சா, ஊபர்னா வெஸ்ட்னு எனக்கும்தான் தெரியல. ரோட்டைப் பாரு" என்றார்.

ஏழெட்டு வருஷம் கழித்துக் கனகத்துக்கு இரண்டாவது பெண் பிறந்தது. அதற்குள் அவர்கள் திருநெல்வேலியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாருக்கு மூட்டுவலி. அந்தப் பிள்ளையின் காதுகுத்துக்குப் போக முடியவில்லை. வரச் சொல்லி யாரும் மிரட்டவும் இல்லை. ஒருநாள் காரில் ஏறியதும் ஃபோனை என்னிடம் நீட்டினார். படம் வந்திருந்தது. நகைக்கடையில் எடுத்தது. காதருகே துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. குழந்தை அழக்கூட இல்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"பாரு, யார் மடியில உக்காந்திருக்கா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

பெரிதாக்கிப் பார்த்தேன்.

"நாற்காலி சார்."