ஆம்ப்ரோஸ் வாத்தியாரின் கட்டைவிரல்

பத்திரிகையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, பட்டுப்புடவைக்குப் பேரம் பேசுகிறவர் மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கிறார் ஆம்ப்ரோஸ் வாத்தியார். இன்னும் ஒரு வரி படித்தாகவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். தாள் வழவழப்பாக இருந்தால் செய்தி உண்மை. சொரசொரப்பாக இருந்தாலோ, "கப்ஸா! இன்னாய்யா தாளு இது, கோணிப்பை கணக்கா கீது. இதுல போய் நெசத்த அச்சடிப்பானா?"

லஸ் முனையில் இருக்கும் எங்கள் வாசகசாலைக்குச் சாயங்காலம் தவறாமல் வருவார். வீடு சாந்தோமில், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்களோ! கஞ்சி போட்ட கோட்டு, நல்ல வழுக்கை. பளபளக்கும் சீமைப் பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு, முடி வளர்க்கும் மின்சாரச் சீப்பைத் தருவித்து ஒரு வருஷம் வாரினார். வாருவதற்கு என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய் வெட்டிப் பாசனம் நடக்கிறது என்பதும் அவருக்கு வேதவாக்கு. படம் வழவழ ஆர்ட் பேப்பரில் வந்திருந்ததே!

இந்த யுத்தம் வந்து தாளுக்குப் பஞ்சம் வந்ததும், அவரைப் பொறுத்தவரை உலகத்தில் உண்மையே அற்றுப்போயிற்று. எவன் எழுதினான், எவன் சோதித்துப் பார்த்தான், வேறு யாராவது ஒப்புக்கொண்டார்களா என்றெல்லாம் கேட்க மூளை வேண்டும். வெளுத்ததெல்லாம் பால் என்கிறவருக்கு விரல் போதும்.

போன மழைக்காலத்தில் வாசகசாலைக் காரியதரிசி சுப்பராமன் ஒரு செய்தியை உரக்கப் படித்தார். நிமோனியாவுக்குச் சல்ஃபா மாத்திரை கொடுத்து ஆஸ்பத்திரிகளில் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார்களாம். டாக்டர்களின் பெயர்களும் போட்டிருந்தன. ஆம்ப்ரோஸ் எழுந்து வந்து தாளைத் தேய்த்தார். "கப்ஸா," என்று விரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் பேரெல்லாம் போட்டிருக்கு, ஓய்! நாலு பேரை விசாரிச்சுண்டு வந்து பேசுமேன்," என்றார் சுப்பராமன்.

"பேரு யாரு வேணா போடுவான் சாமி. தாளு பொய் சொல்லாது."

அந்த வாரமே வாத்தியாரின் மனைவி நோராவுக்குக் கடுமையான காய்ச்சல், மூச்சிரைப்பு. நிமோனியா என்றார் டாக்டர். அதே சல்ஃபா மாத்திரையைக் கொடுத்தனுப்பினார். பஞ்ச காலமல்லவா, பழைய செய்தித்தாளில்தான் மடித்திருந்தது. நான் விசாரிக்கப் போனபோது, மனுஷர் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்று அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்! அடப் பாவி மனுஷா! கட்டிலில் மூச்சுக்குத் தவிக்கிறவள் உன் பெண்டாட்டி அல்லவா? மேஜைமேல் 'ரேடியம் தண்ணீர்' என்று ஒரு புட்டி. பக்கத்தில் அதன் மகிமை சொல்லும் வழவழப்பான விளம்பரப் புத்தகம். காலையிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் புட்டியை வீதியில் எறிந்திருப்பேன்.

அதற்குள் நோராவின் அக்கா கிளாடிஸ் வெந்நீரோடு வந்துவிட்டாள். "இன்னா தம்பி, தடவிக்கினு கீறே? அவ செத்தப்புறம் சவப்பொட்டிக்குத் துணி எடுக்கச்சொல்லோ தடவிப் பாரு!" என்று பொட்டலத்தைப் பிடுங்கினாள். மாத்திரையைப் பொடித்து, வெந்நீரில் கரைத்துத் தங்கையின் வாயில் ஊற்றினாள். காய்ச்சல் இறங்கும்வரை அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

நோரா பிழைத்துக்கொண்டாள். வாத்தியாருக்கு அதன் காரணத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. "ரேடியம் தண்ணி இன்னா வேல செஞ்சுது, பாத்தீங்களா சார்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பிய நேரம் பார்த்துப் போயிருந்தேன். வாத்தியார் எனக்காக அந்த விளம்பரப் புத்தகத்தை மேஜைமேல் விரித்து, "தடவிப் பாருங்க சார்!" என்றார். நோரா அடுக்களையிலிருந்து கொதிக்கும் கஞ்சிப் பானையோடு வந்தாள். இன்னும் இளைப்புத் தெரிந்தது. புருஷனை ஒருமுறை பார்த்தாள். விரித்த பக்கத்தின்மேல் பானையை நிதானமாக இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வாத்தியார் பதறிக் கோட்டு நுனியால் பானையைத் தூக்கினார். பக்கம் அதன் அடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "ஐயோ, நல்ல தாளாச்சே!" என்று உரித்தெடுத்தார். கரியும் கஞ்சியுமாக நசுங்கியிருந்த தாளில் ஒரு மூலை மட்டும் தப்பியிருந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோய், கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.