பின்னால் வருகிறவளுக்கு ஒரு குழை

ஆடி மாதத்தோடு முத்துத்தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் நூல் மில்லில், இனி ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும் என்று முடிவு செய்து, வார லீவை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துவிட்டார்கள். அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. மற்ற பெண்கள் சூப்பர்வைசர் மாரிக்கண்ணனைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். முத்துத்தாய் கூட்டத்துக்குப் பின்னால் தூணை ஒட்டி நின்றாள். சத்தம் போட்டவர்களில் சிலருக்கு ஞாயிறு கிடைத்தது. தூணை ஒட்டி ஒருத்தி நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் பால்ச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, "எந்தக் கெழமையா இருந்தா என்ன, லீவு லீவுதான?" என்றார். அவர் சோலார் கம்பெனியில் இரவுக் காவல். பகலில் தூங்குவார். ஒரே மகன் திருப்பூரில் இருந்தான். அந்த வீட்டில் வாய் திறக்காமலே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தனக்கு என்ன என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நடை.

நடை தங்கமாரியால் ஆரம்பித்தது. அங்கன்வாடியில் ஆயாவாக இருக்கும் தங்கமாரிக்குச் சர்க்கரை வந்து, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார். "கைய வீசிக்கிட்டுச் சும்மா நடந்தா ஊரு சிரிக்காதா?" என்று அவள் பயந்தாள். வேலை இல்லாமல் ஒரு பொம்பளை காட்டுப் பக்கம் போவதை அந்த ஊர்களில் யாரும் கண்டதில்லை. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது துணைக்கு வரும்படி பழைய சேக்காளிகளைக் கூப்பிட்டாள். சோலையம்மாள், அழகுத்தாய், முத்துத்தாய். நாலு பேரும் ஒரே ஊரில் பிறந்து, ஒன்றாகக் களையெடுத்து, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். முதல் நாள் நாலு பேரும் விறகுக்குப் போகிறவர்கள் மாதிரி கூடையும் அரிவாளும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். கொஞ்ச நாளில் ஒவ்வொருத்தியாகக் கூடையை விட்டார்கள். அழகுத்தாய் மட்டும் இன்னும் விடவில்லை. வெறுங்கூடையைக் கொண்டுபோய் வெறுங்கூடையாகவே கொண்டுவருவாள்.

"அந்தக் கூடையில என்னத்தடி சொமக்க?" என்று சோலையம்மாள் கேட்பாள்.

"எங்க மாமியாளோட சந்தேகத்த, மதினி."

அழகுத்தாய் சிரித்தால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும். முத்துத்தாய் சத்தமில்லாமல் சிரிப்பாள். பேச்சு முழுக்க மற்றவர்களுடையது. அவள் பார்த்துக்கொண்டு வருவாள். மல்லிச் செடி எந்தப் புஞ்சையில் முளைத்திருக்கிறது, எந்த வேலியில் புதுக் கம்பி ஏறியிருக்கிறது, யார் வீட்டு ஆடு நொண்டுகிறது. நடையின் கடைசியில் சோலையம்மாள் திரும்பி, "இன்னைக்கு என்னத்தா பார்த்த? சொல்லு" என்பாள். அப்போது முத்துத்தாய் சொல்வாள். மூன்று பேரும் கேட்பார்கள். அந்த வாரத்தில் அவள் பேச்சை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பது அப்போது மட்டும்தான்.

அவர்கள் சேரும் இடம் ஒத்தப்பனைப் பிரிவு. அவர்கள் ஊர் வண்டிப்பாதைகள் எல்லாம் அங்கே வந்து கூடி, பிறகு இரண்டாகப் பிரியும். ஒன்று கண்மாய்க் கரைக்குப் போகும். மற்றது கரிசல் காட்டுக்குள் போகும். மழை பெய்திருந்தால் கரிசலில் கால் வைக்க முடியாது, கரைதான். முதலில் வந்தவர்கள் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார்கள். போகிற பாதையின் வாயில் ஆவாரஞ்செடியில் இலையும் பூவுமாக ஒரு குழையை ஒடித்துப் போட்டு, பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவள் பார்த்துப் பாதையைத் தெரிந்துகொள்வாள். எல்லாருக்கும் கடைசியாக வருகிறவள் குழையை எடுத்து எறிந்துவிட வேண்டும். குழை கிடந்தால் இன்னும் ஆள் வர வேண்டும் என்று அர்த்தம்.

இது களையெடுக்கப் போன காலத்துப் பழக்கம். அப்போது சோலையம்மாள்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவாள். அவள் நடைக்கு மற்றவர்கள் ஓட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் களைக்கொத்தைக் கையில் வாங்கிய முத்துத்தாய், ஓணானைப் பார்த்தும் ஓடை நண்டைப் பார்த்தும் நின்று நின்று எப்போதும் பின்தங்கிவிடுவாள். எந்தப் புஞ்சை என்று தெரியாமல் ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மறுநாள் சோலையம்மாள் திட்டவில்லை. ஊர்ப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு குழையைப் போட்டுக் கல்லை வைத்து, "இதுதான் உனக்கு அடையாளம். பார்த்துட்டு எடுத்துப் போட்டுட்டு வா" என்றாள்.

இப்போது அந்த மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை நடந்தார்கள். முத்துத்தாய் கோனில் நூல் சுற்றுகிற மிஷினுக்கு முன்னால் பஞ்சுத் தூசியில் நின்று, இந்நேரம் பனையைத் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் கண்மாய் மடையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று மனதுக்குள் அவர்கள் கூடவே நடந்துகொண்டிருந்தாள்.

முதல் செவ்வாய்க்கிழமை அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பால்ச்சாமி தூங்கியதும் கிளம்பிவிட்டாள். பிரிவில் குழை கிடந்தது. இரண்டு நாள் வெயிலில் இலை சுருண்டு, பூ நிறம் மங்கி, கல்லுக்கு அடியில் அப்படியே இருந்தது. முத்துத்தாய் வந்தாலும் வருவாள் என்று அதை விட்டுவைத்திருக்கிறார்கள். கல்லை ஓரமாக வைத்துவிட்டுக் குழையை எடுத்து எறிந்தாள். அவர்கள் போன பாதையிலேயே போனாள்.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போனாள். புழுதியில் தங்கமாரியின் ரப்பர்ச் செருப்புத் தடம் கிடக்கும். மடையடியில் கடலைத்தொலி கிடக்கும். அழகுத்தாய் கூடையை இறக்கி வைத்த வட்டம் மணலில் தெரியும். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் அவளும் கொஞ்ச நேரம் உட்காருவாள். இங்கே என்ன பேசியிருப்பார்கள், எதற்குச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். 'இன்னைக்கு என்னத்தா பார்த்த?' என்று கேட்க மட்டும் ஆள் இருக்காது.

தான் தனியாக வந்து போவதை அவர்களுக்கு அவள் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை குழை இல்லை. ஆடு தின்றிருக்கும் என்று பார்த்தால், ஆடு தின்றால் குச்சியாவது கிடக்கும். அடுத்த வாரமும் இல்லை. அவள் பனையடியில் ரொம்ப நேரம் நின்றாள். யாரோ கடைசியாக வந்து எடுத்து எறிந்திருக்கிறார்கள். அப்படியென்றால் புதிதாக ஒருத்தி நடைக்கு வருகிறாள். தன் இடத்தில் ஒருத்தி வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கரைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, தங்கமாரிக்குப் போன் போட்டாள். சர்க்கரை எப்படி இருக்கிறது, மழை உண்டா என்றெல்லாம் கேட்டாள். கேட்க வந்தது வாயில் வரவில்லை. கடைசியில், "நடைக்குப் புதுசா ஆளு சேந்திருக்கா?" என்றாள்.

"புது ஆளா? இருக்கிற ஆளே கொறையுது. சோலை மதினிக்கு முட்டி போச்சுத்தா. கம்பு ஊனித்தான் வாரா. எங்களோட நடக்க முடியல. நின்னா, 'எனக்காக நிக்காதீக, குழையப் போட்டுட்டுப் போங்கடி'ன்னு வையிறா. நாங்க திரும்பி வாரப்ப பாதி வழியில பார்க்கோம். போன வாரம் மடை வரைக்குமே வரல."

முத்துத்தாய் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கேக்கியா? இன்னும் எத்தன ஞாயிறு வருவான்னு தெரியல. நீயும் மில்லே கதின்னு கெட."

மதினி பின்னால் ஓடி ஓடியே முத்துத்தாயின் பிள்ளைப் பருவம் போனது. அந்தச் சோலையம்மாளா கடைசியாக வந்து குழையை எடுத்து எறிகிறாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். மதினிக்குக் கால் இருக்கும்போதே வேண்டும்.

அதற்கு மாரிக்கண்ணனிடம் கேட்க வேண்டும். மற்ற பெண்கள் காதுகுத்து என்பார்கள், சடங்கு என்பார்கள், உயிரோடு இருக்கிற பெரியம்மாவைக்கூடச் சாகடிப்பார்கள். அவளுக்குப் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மிஷினுக்கு முன்னால் நின்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்னக்கா, நூல் அறுந்திருச்சா?"

"ஒரு ஞாயித்துக்கெழம வேணும் தம்பி."

"என்ன விசேசம்?"

"விசேசம் இல்ல. நடக்கப் போகணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நடக்கவா? ஏங்க்கா, செவ்வாக்கெழம நடந்தா காலு நடக்க மாட்டேங்குதா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். முத்துத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"செவ்வாக்கெழம ஆளு இல்ல தம்பி" என்றாள்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். சத்தம் போடாத ஒருத்தி இத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்று அவனுக்கும் பட்டிருக்க வேண்டும். "ஒரே ஒரு ஞாயிறு. அடுத்த வாரம் பழையபடி செவ்வா. மத்தவளுகளும் கேட்டு வந்தா நான் உங்களத்தான் கைகாட்டுவேன்" என்றான்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. பிரிவில் போய்ச் சொல்லாமல் நிற்க வேண்டும், அழகுத்தாய் கூச்சல் போட வேண்டும் என்று ஆசை. ஆனால் சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து வந்த மில் வண்டி வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு அவள் பனையை எட்டியபோது வெயில் ஏறியிருந்தது.

குழை கிடந்தது. பச்சைக் குழை. பூ மஞ்சளாக, இப்போதுதான் ஒடித்த மாதிரி. கரைப் பக்கத்திலிருந்து அழகுத்தாயின் சிரிப்பு கேட்டது. எட்டி நடந்தால் பிடித்துவிடலாம். முத்துத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். அப்புறம் நின்றாள். இது அவளுக்கு வைத்த குழை இல்லை. அவள் வருவது யாருக்கும் தெரியாது. பின்னால் இன்னொருத்தி வர வேண்டும்.

கரைமேல் சிரிப்பு தூரம் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை மாதமாக நினைத்து நினைத்து ஏங்கிய சிரிப்பு. அவள் திரும்பி வந்து குழைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு வேலிக்கருவை மரங்களுக்கு நடுவில் ஒரு சேலை தெரிந்தது. கம்பு, ஓர் எட்டு. கம்பு, ஓர் எட்டு.

"எவடி அது, குழைக்குக் காவலிருக்கிறது?"

"நாந்தான் மதினி."

சோலையம்மாள் கிட்டே வந்து கம்பில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். முகம் சிரித்தது. "மில்லக் கொளுத்திட்டு வந்துட்டியா?"

"ஒரு நா கேட்டு வாங்கினேன்."

"கேட்டியா? நீயா? வாயத் தொறந்தியா?" சோலையம்மாள் அவள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "பெறவு ஏன் இங்க குத்தவச்சிருக்க? அவளுக மடைக்குப் போயிருப்பாளுக. ஓடு."

"நீங்க வாங்க, போவோம்."

"நான் ஆமை மாதிரில்ல வாரேன்?"

"நான் எப்ப மதினி வேகமா நடந்தேன்?"

சோலையம்மாளுக்குச் சிரிப்பு வந்து, அதோடு இருமல் வந்தது. முத்துத்தாய் குனிந்து கல்லை நகர்த்தப் போனாள். சோலையம்மாள் கம்பை நீட்டி அவள் கையைத் தடுத்தாள்.

"விடு. கெடக்கட்டும்."

"நம்மதான மதினி கடைசி? எடுத்துப் போடணும்ல?"

"செவ்வாக்கெழம ஒருத்தி வருவாள்ல? அவ பார்க்க வேணாமா?"

முத்துத்தாய் கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கள்ளி. ஐப்பசி வரைக்கும் குழை காணாமப் போகும். ஆடு தின்னுருச்சுன்னாளுக ரெண்டு பேரும். குழையத் தின்ன ஆடு கல்லத் தூக்கி ஓரமா வச்சுட்டா போகும்? செவ்வாக்கெழமதான ஒனக்கு லீவு? நீதான்னு எனக்குத் தெரியும். அவளுககிட்ட நான் சொல்லல." அவள் கரையைப் பார்த்தாள். "பெறவு முட்டி மொடக்கவும், பாழாப்போன காலத் தவிர ஒன்னும் நெனப்பில்ல. கடைசியா வாரது நாந்தான்னு எடுத்து எறிஞ்சேன். எனக்குப் பின்னால ஒருத்தி வாரத மறந்துட்டேன்."

இரண்டு பேரும் நடந்தார்கள். முத்துத்தாயின் தோளில் ஒரு கை, கம்பில் ஒரு கை. ஈரக் கரையில் கம்பு ஊன்றிய இடமெல்லாம் குழி விழுந்தது. கண்மாயில் பாதித் தண்ணீர் கிடந்தது. மடைக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியிலேயே சோலையம்மாள் உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் திரும்பி வரும் சத்தம் தூரத்தில் கேட்டது.

"அவளுக வாரதுக்குள்ள சொல்லு. என்னத்தா பார்த்த?"

முத்துத்தாய் சொன்னாள். இந்த நாலைந்து மாதம் தனியாகப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். அழகுத்தாய் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற வரைக்கும் சொன்னாள்.

அடுத்த வாரத்திலிருந்து மறுபடி செவ்வாய்க்கிழமைதான். போகும்போதெல்லாம் கல்லுக்கு அடியில் வாடிய குழை கிடக்கும். கரையில் கம்புக் குழிகள் காய்ந்து வரிசையாகக் கிடக்கும். அந்தக் குழிகளைப் பார்த்தே நடப்பாள். ஒரு வாரம் அவை புளியமரம் வரை இருந்தன. அதற்கடுத்த வாரம் புதுக் குழிகள் புளியமரத்தை எட்டவில்லை. நேற்றுச் செவ்வாய்க்கிழமை, பிரிவிலிருந்து கரை ஏறுகிற இடத்திலேயே நின்றுவிட்டன. சுற்றிலும் தங்கமாரியின் செருப்புத் தடமும் கூடையின் வட்டமும் இருந்தன. அவர்களும் அதற்கு மேல் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

முத்துத்தாயும் அதற்கு மேல் போகவில்லை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பனையடிக்குத் திரும்பினாள். குழையை எடுத்து எறிந்தாள். கல்லைத் தூக்கி, கம்பு ஊன்றி வருகிறவள் கண்ணில் தப்பாமல் படும்படி பாதை ஓரமாக வைத்தாள்.