தோள்வலிக்குக் காலில் ஏறிய ஊசி

வத்தல்மலை அடிவாரத்திலிருந்து பொம்மிடி ரயிலடிக்குப் புளி ஏற்றிப் போனதில் என் வண்டியை முந்தியவன் கிடையாது. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்; வண்டியும் மாடும் சொந்தச் சம்பாத்தியம். ஒரு மாசி மாதம் வலது தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் எழவில்லை. நுகத்தடியைத் தூக்க முடியாதவன் என்ன வண்டிக்காரன்? சந்தை நாளுக்குள் வராவிட்டால் பாரத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று புளி மண்டிக்காரர் சொல்லியனுப்பினார்.

எங்கள் பக்கம் தோள் பிடித்தால் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே மருந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு. நான் போனது பினாங்கிலிருந்து திரும்பியிருந்த ஒருவரிடம். அங்கே ஒரு சீன வைத்தியரிடம் வேலைக்கு இருந்து ஊசி குத்தப் பழகியவர். அவரிடம் குத்திக்கொள்ள ஊரில் வேறு எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

ஊசி தலைமுடி மாதிரி இருந்தது. சாராயத்தில் துடைத்து, என் முழங்காலுக்குக் கீழே இறக்கினார்.

"வலி தோள்லய்யா! கால்ல குத்துறீங்க?"

"கத்தாதீங்க. கைய மெல்லத் தூக்குங்க."

ரத்தம் வரவில்லை. எறும்பு கடித்தது போல ஒரு சுருக். பிறகு கால் கனத்து, பாதம் வரை மரத்தது. அவர் ஊசியைத் திருகத் திருக நான் கையைத் தூக்கினேன். காது வரை வந்து நின்றுவிட்டது. ஒரே தடவையில் தீராது, திரும்பத் திரும்ப வரவேண்டும், நாளைக்கு வலி கூடினால் பயப்பட வேண்டாம் என்றார். கூடத்தான் செய்தது.

"பத்தியம் என்னா சொன்னாரு?" என்றாள் வீட்டுக்காரி.

"ஒண்ணும் இல்ல."

"பத்தியம் இல்லாம அது என்னாங்க வைத்தியம்?" என்று அவளாகவே குழம்பில் புளியை நிறுத்திவிட்டாள்.

சந்தையன்று மண்டிக்காரர் என் துண்டை விலக்கித் தோளைத் தடவினார். "தழும்பே காணோமே? சூடு போட்டுக்காம வந்துட்டியா? நடுவழியில வண்டிய வுட்டுட்டு ஒக்காந்துக்குவ."

"தழும்பு வேணும்னா என் மாட்டத் தடவிப் பாருங்க."

பாரம் ஏற்றியிருந்த வண்டியின் நுகத்தடியைப் பிடித்தேன். வலி பாதிதான் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். மாடுகள் கழுத்தைக் கொடுத்தன.

"சரி, கெளம்பு" என்றார். அந்தப் பாரம் எனக்கே நின்றது.

சித்திரை வரை ஊசிக்குப் போய்வந்தேன். கை முழுசாக மேலே எழுந்தது. வீட்டுக்காரி மட்டும் எல்லாம் தன் பத்தியத்தால்தான் என்றாள். கை எழும்வரை, புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து புளியில்லாத குழம்பையே தின்றேன்.