நடுப் பாதையில் நின்ற பாஸ்

அட்டனில் நான் வாடகைக்கு ஓட்டிய பழைய அமெரிக்கக் கார், பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் இழுக்கும். பூண்டுலோயா இறக்கத்தில் ஒரு நாள் அது பள்ளத்தை எட்டிப் பார்த்ததும், நேரே கராஜுக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லி உடம்பு, கம்பளித் தொப்பி. நாலு சக்கரத்தையும் கழற்றி, டிரம்முக்குள் இருந்த பிரேக் லைனிங்கை மாற்றினார். பிறகு என்னை மேட்டிலிருந்து ஓட்டி வரச் சொல்லிவிட்டு, கீழே நடுப் பாதையில் கைகட்டி நின்றார். பிரேக் பார்த்த வண்டியை அவர் அப்படித்தான் சோதிப்பாராம்.

"ஒதுங்குங்க பாஸ்," என்று கத்தினேன். அவர் அசையவில்லை. மிதித்தேன். கார் அவரை விலகி இடப்பக்கம் முட்டைக்கோவாப் பாத்திக்குள் போய் நின்றது.

பாஸ் நிதானமாக வந்து வலது பக்க டிரம்மைக் கழற்றினார். உள்ளே புது லைனிங் முழுக்கக் கிறீஸ்; அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது.

"பேரிங்குக்கு நான்தான் அளவுக்கு மேல கிறீஸ் போட்டுட்டேன் போல," என்றார். துடைத்து, வேறு லைனிங் மாட்டிவிட்டு, மறுபடியும் நடுப் பாதைக்கே போனார்.

இந்த முறை கார் நேராக வந்து, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இறங்கி அவரிடம் ஓடினேன்.

"ஏன் பாஸ் ஒதுங்கல?"

"நானே ஒதுங்கினா, வேற யாருங்க நம்பி ஏறுவாங்க?"

தன் கைப்பிழையைச் சற்று முன்தான் கண்ட மனிதர் எந்தத் தைரியத்தில் திரும்பவும் அங்கே நின்றார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.