எரியாத கால்

உப்புத் தண்ணீர் என் இடது காலை எரிக்காமல் விட்டது. நோய் தொடங்கியதை நான் அப்போதே அறிந்திருக்க வேண்டும். நானோ அதைக் கெட்டித்தனம் என்று நினைத்து இரண்டு வருடம் திரிந்தேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்காக, வெட்கத்தை ஒதுக்கிவைத்து எழுதுகிறேன்.

நிலாவெளி உப்பளத்தில் உப்பு வாரும் வேலை எனக்கு. ஒரு இறாத்தல் பாண் (ரொட்டி) வாங்க ஊரே கடை வரிசையில் நின்ற பஞ்சகாலம் அது. என் கணவர் இறக்கக்கண்டியில் கரைவலை இழுத்து மீன்பிடிக்கப் போவார். மகள் செல்விக்கு நாலு வயது. நாள் முழுக்கக் குனிந்து வாரினால் இடுப்பு விட்டுப்போகும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. கடைசிப் பாத்திக்குப் பக்கத்தில், தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள், கடும் உப்புநீர் தேக்கிய சீமெந்துத் தொட்டி. வேலை முடிந்ததும் பெண்கள் உடுத்த துணியோடு இரண்டிரண்டு பேராக அதில் மல்லாந்து படுப்போம். நீந்தத் தெரியத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் தாழ நினைத்தாலும் ஏலாது. கதவைச் சாத்தினால் இருட்டு. காது தண்ணீருக்குள் போனதும் சத்தமெல்லாம் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் கை எது, தண்ணீர் எது என்று தெரியாது. அடுப்பும் மறந்துபோகும், இடுப்பும் மறந்துபோகும்.

அந்தச் சுகத்துக்கு முன் ஒரு தண்டனை உண்டு. உப்பு வாருபவர்களின் கால்களில் கீறல் இல்லாத இடம் இராது. இறங்கியவுடன் ஒவ்வொரு கீறலும் எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும். எனக்கு மட்டும் இடது பாதத்தில் எரிவு நின்றுபோயிருந்தது. கனகாலம் வேலை செய்தவர்களைப் பற்றி உப்பளத்தில் ஒன்று சொல்வார்கள்: கால் பழகிவிட்டது. என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். கணுக்காலுக்கு மேல் வெளிறிக் கிடந்த தேமலை உப்புத் தின்ற இடம் என்றார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு பின்னேரம் என்னோடு தொட்டியில் கிடந்த, நாங்கள் அக்கா முறையில் அழைக்கும் சகீனா ராத்தா முதலில் எழும்பிக் கதவைத் திறந்தார். வெளிச்சம் உள்ளே வந்தது. என்னைச் சுற்றித் தண்ணீர் சிவந்திருந்தது.

"மலர், எழும்பு புள்ள! கால் வெட்டிக் கிடக்கு!"

உள்ளங்கால் பிளந்திருந்தது. பாத்தியில் போத்தல் ஓடு ஏதும் வெட்டியிருக்க வேண்டும். அந்தப் பிளவுக்குள் உப்புநீர் போய் வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

"எரியல்லையா?"

"இல்ல ராத்தா. கால் பழகிட்டுது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "உனக்கு முந்தியே பத்து வருசம் உப்புக்குள்ள நிண்டவள் நான். என்ட கால் இன்னும் எரியுதுதானே."

குனிந்து பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பாதம் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

அடுத்த நாள் திருகோணமலை ஆஸ்பத்திரியில் காயத்தைத் தைத்தார்கள். தைக்கும்போதும் நான் முனகவில்லை. அதைக் கவனித்த டொக்டர், கையில் ஒரு பஞ்சுத் துண்டோடு வந்தார்.

"கண்ணை மூடுங்கோ. பஞ்சு படுற இடத்தை விரலால காட்டுங்கோ."

கையில் பட்டது, காட்டினேன். வலது காலில் பட்டது, காட்டினேன். பிறகு ஒன்றும் படவில்லை. நெடுநேரம் காத்திருந்தேன்.

"இடது காலை எப்ப தொடுவீங்கள் டொக்டர்?"

"அஞ்சு தரம் தொட்டிட்டன் அம்மா. ஊசியாலயும் குத்தினனான்."

கண்ணைத் திறந்தேன். கணுக்காலுக்கு மேல் சின்னச் சின்ன இரத்தப் பொட்டுகள்.

தோலைக் கீறி எடுத்துச் சோதித்த பிறகு சொன்னார்: தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமிநோய், ஊரில் பெருவியாதி என்போம்). அந்த நோய்க்காரரைத் தீவுக்கு அனுப்புவார்கள் என்று சிறுவயதில் கேட்ட கதை முழுக்க ஒரே நொடியில் திரும்பி வந்தது. காலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளையை என்னட்ட இருந்து பிரிச்சுப்போடுவீங்களா?"

"தேவையில்லை. மருந்துக் குளிசையை ஒழுங்கா எடுத்தா வீட்டிலேயே இருக்கலாம். ஆனா உங்கட அவரையும் பிள்ளையையும் ஒருக்காக் கூட்டிவாங்கோ, பார்க்கவேணும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். ஒரு சட்டியில் தண்ணீர் வார்த்து, உப்பை அள்ளிப்போட்டு, வலைக்கயிறு அறுத்த இரண்டு கைகளையும் அதற்குள் வைத்தார்.

"எரியுது மலர்! நல்லா எரியுது!" என்று கத்தினார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாகவே வந்தது.

செல்வியின் முழங்காலில் விழுந்த காயம் ஒன்று இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். சட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. ஒருவருக்கும் கை வரவில்லை.

கிளினிக் நாள் வரை அந்தப் பயத்தோடு சோறு தின்றோம். அங்கே அவளைத் தகப்பன் மடியில் இருத்தி, கண்ணைப் பொத்தி, டொக்டர் ஊசி முனையால் காலில் தொட்டார். "நோகுது அம்மா!" என்று அவள் வீரிட்டு, டொக்டரை உதைத்தும்விட்டாள். பிள்ளை அழத் தாய் சிரிப்பதைக் கண்டு தாதி என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன்.

டாப்சோன் (கிருமியை அடக்கும் குளிசை) வருடக்கணக்கில் எடுத்தேன். ஒரு நாளும் தவறவிடவில்லை, நீங்களும் விடாதீர்கள். தேமல் மெல்ல நிறம் திரும்பியது. காலில் உணர்வு திரும்பவில்லை. செத்த நரம்பு பிழைக்காது என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். இப்போது செருப்பில்லாமல் நடப்பதில்லை. பொழுதுபட முன் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். காலையில் குத்திய முள் பின்னேரம்தான் தெரியவருகிறது. அந்தக் காலில் நடப்பதெல்லாம் எனக்குப் பிந்தித்தான் வந்து சேர்கிறது.

கிருமி போய்விட்டது என்று டொக்டர் குளிசையை நிறுத்திய பிறகும், நான் இறங்கும் தொட்டியில் இறங்கச் சில பெண்கள் மறுத்தார்கள். சகீனா ராத்தா முதலில் தான் இறங்கி, "வா" என்று கூப்பிட்டார்.

நான் மல்லாந்தேன். முன்போலவே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகத் தொடங்கியது. முன்பு அதைத்தான் சுகம் என்றேன். இப்போது திடுக்கிட்டேன். இடது காலும் இப்படித்தான் சொல்லாமல் போனது.

"கதவைச் சாத்தட்டா?"

"வேணாம் ராத்தா. திறந்தபடி கிடக்கட்டும்."

வலது குதிக்காலில் ஒரு கீறல் எரிந்தது. அது அடங்கிவிடக் கூடாதே என்று கிடந்தேன்.