எனக்கும் ஒரு பங்கு வேலை

"நீ வர வேண்டாம்ப்பா" என்று யாராவது அன்பாகச் சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறும். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. அன்றிலிருந்து பந்தியில் பரிமாற வேண்டாம், சப்பரம் தூக்க வேண்டாம், உட்கார்ந்திரு, உட்கார்ந்திரு. உட்கார்ந்து உட்கார்ந்தே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். படியேற முடியாத ஓர் அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டுச் சாய்தளம் கட்ட வைத்தவன் நான். உரிமையைக் கேட்டு வாங்குவது எனக்குக் கைவந்த கலை. அந்தக் கலை என் சொந்த ஊரில் மட்டும் செல்லுபடியாகவில்லை.

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை மழைக்கு முன்னால் ஊரே சேர்ந்து தூர்வாரும். வீட்டுக்கு இருபது அடி என்று சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்துவிடுவார்கள். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. வேலை செய்த வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கித் தண்ணீர் முறை வைப்பார்கள். வேலைக்கு வராத வீட்டுக்கு எல்லோருக்கும் பிறகுதான் தண்ணீர். அப்பா இருந்தவரை அவர் வெட்டினார். அவர் போன பிறகு வீட்டில் நான் ஒருத்தன்தான். இரண்டு வருஷமும் "அவன விட்டுருங்க, பாவம்" என்றார்கள். இரண்டு வருஷமும் என் முறை வருவதற்குள் கண்மாய் தரைதட்டிவிட்டது, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் என் வயலில் பயிர் கருகியது. பாவம் பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்க்க வரவில்லை.

மூன்றாவது வருஷம் ஊர்க்கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். கண்மாய் வேலையைக் கவனிப்பவர் எனக்குப் பெரியப்பா முறை.

"எனக்கும் இருபது அடி அளந்து விடுங்க பெரியப்பா."

அவர் சிரித்தார். "ஒனக்கு எதுக்குப்பா? நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம்ல."

"அப்ப எனக்கும் முறைத் தண்ணி குடுங்க."

"அதெப்படி? வெட்டாத வீட்டுக்கு..."

"அதத்தான் கேக்குறேன். வெட்டவும் விடமாட்டேங்கிறீங்க, வெட்டலன்னு தண்ணியும் தரமாட்டேங்கிறீங்க."

உரிமை கேட்டு எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். எனக்கும் கடமை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. முனகிக்கொண்டே எனக்கும் கோடு போட்டார்கள்.

நின்று வெட்ட என்னால் முடியாது. ஊன்றுகோலைக் கரையில் சாத்திவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்தேன். மம்பட்டிப் பிடியை முன்பே பாதியாக அறுத்து வைத்திருந்தேன். உட்கார்ந்தபடி வெட்டி, சட்டியில் அள்ளி, கரையில் கொட்டிவிட்டு ஒரு முழம் நகர்வேன். மதியத்துக்குள் நிறையப் பேர் முடித்துவிட்டார்கள். நான் பத்து அடியைத்தான் தாண்டியிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் மிச்சப் பத்து அடியும் கோடு வரைக்கும் சுத்தமாக இருந்தது. பக்கத்துப் பங்குக்காரன், என் மாமா மகன், தன் பங்கில் பாதியை அப்படியே போட்டுவிட்டு என்னுடையதை வெட்டி முடித்திருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரையில் உட்கார்ந்து, அவன் வெட்டிப் போட்ட மண்ணை மறுபடியும் வாய்க்காலுக்குள் தள்ளினேன்.

"என்ன மாப்ள பண்ற?"

"என் பங்க நான் வெட்டிக்கிறேன். நீ வெட்டுனது எனக்கு வேணாம்."

மூன்றாவது தள்ளலில் அவன் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டான். "இதத் தூத்துனா தண்ணி எங்கிட்டுப் போகும்? ஒன் ரோசத்துக்கு ஊரு வயலு காயணுமா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நியாயமான கேள்விதான். பங்கு என்னுடையது, வாய்க்கால் ஊருடையது. வெட்கத்தோடு இறங்கி, தள்ளின மண்ணை அள்ளி வெளியே போட்டேன். ஆனால் அதோடு விட்டுவிட நான் என்ன சாமியாரா?

"என் பத்து அடிய நீ வெட்டிட்ட. ஒன் பத்து அடி அங்க கெடக்கு. அத நான் வெட்டுறேன். நீ கரையில உக்காரு. கை வச்சன்னா சண்ட வரும்."

அவன் துண்டை உதறிப் போட்டுக் கரையில் உட்கார்ந்தான். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருக்கும். போகிறவர்கள் எல்லாம் அவனைத்தான் திட்டினார்கள்.

"என்னடா, அவன வேல வாங்கிட்டு நீ உக்காந்திருக்க?"

"அவன் பங்கு, அவன் வெட்டுறான். ஒங்களுக்கென்ன?" என்றான் அவன்.

பொழுது சாயும்போது முடித்தேன். உள்ளங்கையில் வந்திருந்த கொப்புளத்தை நாலு பேரிடம் வெட்கமில்லாமல் காட்டினேன். மறுநாள் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஒன்பதாவது முறை வந்தது. கடைசி இல்லை.

மழை பெய்து கண்மாய் நிறைந்தது. என் முறை காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை. வயல் நிறைந்துகொண்டே வந்தது, மேற்கு மூலை மட்டும் நனையவில்லை. இன்னும் பத்து நிமிஷம் தண்ணீர் ஓடினால் போதும். முன்பெல்லாம் நான் கடைசி ஆள், எனக்குப் பின்னால் யாரும் கிடையாது. இப்போது பத்தாவது முறைக்கார அக்கா மம்பட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"மணி பன்னெண்டாச்சு. நீ அடைக்கிறியா, நான் வந்து அடைக்கவா?"

"இந்த மூலை மட்டும்க்கா..."

"எல்லாருக்குந்தான் மூலை இருக்கு. அடைப்பா மொதல்ல."

அவள் குரலில் பாவம் என்பது மருந்துக்கும் இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். மேற்கு மூலை காய்ந்து கிடக்க, உட்கார்ந்து மண்ணை அள்ளிப் போட்டு என் வயல் மடையை அடைத்தேன்.